அசுணம் நின்ற தெரு

நல்லாம்பாளையத்தில் பொற்செழியன் இறங்கியதும் நடத்துனர் விசிலை வாய்வரை கொண்டுபோனார். ஏதோ நினைவு வந்தவராக அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையைத் தூங்க வைப்பதுபோலப் பேருந்தின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பேருந்து பூனை மாதிரி நகர்ந்து போனது.

ஊரே அப்படித்தான் இருந்தது. கடலைக்காரர் சட்டியில் கரண்டியைத் தட்டாமல், கையைத் தூக்கித் தூக்கிக் காட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். யாரோ ஒரு சேவலைச் சாக்கில் போட்டு, மேலே ஈரத் துண்டைப் போர்த்தி, மொபெட்டைக் கிளப்பாமல் உருட்டிக்கொண்டே ஊருக்கு வெளியே கொண்டுபோனார். தெரு கொள்ளாமல் கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள், தொப்பை விழுந்த நடுவயதுக்காரர்கள், கோட்டோடு ரெண்டு வக்கீல்கள், கழுத்து மாலையைக் கழற்றாத ஒரு புது மாப்பிள்ளை. எல்லோரும் ஒரு கையில் செருப்பும் மறு கையில் போனுமாக, மூச்சு விடுவதற்கும் அனுமதி கேட்பவர்கள் போல நின்றார்கள்.

இத்தனையும் தன்னால் வந்தது என்று நினைத்தபோது பொற்செழியனுக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடம் அது போய்விட்டது. அவன் பெருமைகளின் ஆயுள் பொதுவாக அவ்வளவுதான்.

'கானகம்' அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் விளையாட்டு. போன் திரையில் மட்டும் தெரிகிற விலங்குகளைத் தெருத்தெருவாக அலைந்து தேடிப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், சண்டைக்கு விட வேண்டும். மற்ற விலங்குகள் எல்லாம் ஆயிரக்கணக்கில் உண்டு. அசுணம் மட்டும் ஒன்றே ஒன்று. ஆட்டுக்குட்டி முகம், உடம்பைவிடப் பெரிய காது. அதுவாக வந்து சேர்ந்தால்தான் உண்டு, சேர்ந்தவரை எவராலும் ஜெயிக்க முடியாது. விளையாடுகிறவர்களின் போன்கள்தான் அதன் செவிகள். பக்கத்தில் இருக்கும் போன்களின் வழியாக நிஜ உலகத்தின் சத்தத்தைக் கேட்கும், கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளும்.

பழைய பாடல்களில் வருகிற விலங்கு அது. இனிய இசை கேட்டால் மயங்கி வரும். பறை கேட்டால் உயிரை விடும். வேடர்கள் யாழை வாசித்து வரவழைத்து, பறையை அடித்துக் கொல்வார்களாம். பொறியியல் படித்த பொற்செழியனுக்குப் பழந்தமிழில் தெரிந்தது இது ஒன்றுதான். அதை வைத்தே அலுவலகத்தில் பெரிய தமிழறிஞர் என்று பெயர் வாங்கியிருந்தான்.

போன் அதிர்ந்தது. நிறுவனத்தின் தலைவி ஜூலியட். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். இப்போது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"போய்ச் சேந்தாச்சா?"

"வந்துட்டேன் மேடம்."

"அந்தச் சாவு வீட்ல பேசு. மேளம் மட்டும் வேண்டாம்னு சொல்லு. மரியாதையா சொல்லு. அது செத்துதுன்னா நாமளும் அதோட போயிருவோம்."

"மேடம், பறையையும் அதுக்குக் கேக்காதபடி நாமளே மாத்திட்டா?"

"யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டணும்னு சொன்னது யாருப்பா?"

சொன்னது அவன்தான். மற்ற விளையாட்டுகளில் அபூர்வ விலங்கு என்று ஒன்றைக் காட்டுவார்கள், தீபாவளிக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவார்கள். "அது அபூர்வம் இல்ல மேடம், ரேஷன்," என்று கூட்டத்தில் பேசியிருந்தான். "பிடிக்கிற வரைக்கும் உயிரை விடறாங்க. பிடிச்சதும் கண்ணாடி அலமாரியில வெச்ச டின்னர் செட் மாதிரி மூடி வெச்சுடறாங்க. நிஜமான அபூர்வம்னா அது சாகணும். செத்தா திரும்ப வரக் கூடாது. நாம நினைச்சாலும் காப்பாத்த முடியக் கூடாது." எல்லோரும் கைதட்டினார்கள். சாவியை விழுங்கியவனுக்குக் கிடைக்கும் கைதட்டல் அது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

சாவு வீடு தெருக்கோடியில், பொதுக் குழாய்க்கு எதிரே இருந்தது. அந்தக் குழாயடியில்தான் அசுணம் படுத்திருந்தது. அதாவது, வெறும் கண்ணுக்கு அங்கே ஈரமும் ஒரு பிளாஸ்டிக் குடமும்தான் இருந்தன. போனைத் தூக்கினால் தெரிந்தது. காதுகளைப் பாய் மாதிரி விரித்துப் போட்டு, வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

இறந்தவர் ரங்கன். அந்த வட்டாரத்துப் பறைக் குழுவில் மூத்த ஆட்டக்காரர். நுரையீரல் போய், மாதக்கணக்கில் படுக்கை. மகள் நாகமணி திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டாள். தூக்கம் வராத அப்பாவுக்குத் தாழ்ந்த குரலில் எதையாவது பாடிக்கொண்டே இருப்பாள். கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண் யாரோ அவள் போனில் கானகத்தை ஏற்றிக் கொடுத்திருந்தாள். நாகமணி அதைத் திறந்ததுகூட இல்லை. அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தத்துக்கு அசுணம் வந்து சேர்ந்தது. எவனோ பார்த்துவிட்டான். அப்புறம் கூட்டம். கூட்டம் வந்த அன்றே அவள் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அசுணம் போகவில்லை. நேற்றிரவு அப்பா போய்விட்டார்.

பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டி. வெளியே வைக்கோல் தீ. அதன் பக்கத்தில் பறைகளோடு நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். தோலைக் காய்ச்சுவதும், தீ அணைவதும், மறுபடி மூட்டுவதுமாகக் காலையிலிருந்து அதே வேலை. ஒருவர் எழுந்து வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. ரங்கனோடு ஆயுசுக்கும் அடித்தவர், ஆறுச்சாமி.

"நீங்கதானுங்களா அந்த ஆட்டுக்கு ஓனரு?"

"ஆடு இல்லீங்க, அசுணம். ஓனரும் இல்லீங்க. செஞ்சவன்."

"சேரி. ஓட்டிட்டுப் போயிருங்க."

"ஓட்ட முடியாதுங்க. அதுவா போனாத்தான்."

"எப்பப் போகும்?"

"தெரியாதுங்க. இங்க இருக்கிற பாட்டு அதுக்குப் பழகிருச்சு."

"நாங்க அடிச்சா?"

"செத்துரும்."

ஆறுச்சாமி குழாயடியைப் பார்த்தார். குடம்தான் தெரிந்திருக்கும். "நல்லா வளத்தீங்க போங்க," என்றார்.

நாகமணி வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண் வீங்கியிருந்தது. யார் வந்தாலும் உட்காரச் சொல்லிப் பழகிய கை, இவனுக்கும் நாற்காலி போட்டுவிட்டது. நிறுவனத்தில் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதை அவன் கேட்டான். வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்க, வாய் கேட்டுவிட்டது.

"உங்க குரலுக்குத்தாங்க அது பழகியிருக்கு. புல்லாங்குழல் எல்லாம் வாசிச்சுப் பாத்துட்டாங்க, அசையல. நீங்க பாடிக்கிட்டே ரோட்டு வரைக்கும் கொஞ்சம் நடந்தீங்கன்னா, பின்னாடியே வந்துரும்."

நாகமணி கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பொற்செழியனுக்கு நாற்காலி சுட்டது. எழுந்துகொண்டான்.

ஆறுச்சாமிக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. "ஏனுங்க, சத்தத்துக்கே சாகற சீவன் நம்மூர்ல எப்படி இத்தன நாள் உசுரோட சுத்துச்சு? கோயில் மைக்கு, கட்சி மீட்டிங்கு, ஆடி மாசம்..."

"அதெல்லாம் அதுக்குக் கேக்காதுங்க. முதல்ல செஞ்சப்ப ஆபீஸ்ல யாரோ சட்னி அரைச்சாங்க, மிக்ஸிக்கே செத்துருச்சு. அப்புறம் வெளிய விடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா விலக்குக் குடுத்தோம். மிக்ஸி, லாரி ஹாரன், வெடி, ஒலிபெருக்கி, நாதஸ்வரம், தவில்..."

"அப்ப இவிய எதுக்குச் செருப்பக் கையில புடிச்சுட்டு நிக்கறாங்க?"

"அவங்களுக்கு அது தெரியாதுங்க. ரகசியம்."

ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"மிக்ஸிக்கு விலக்குக் குடுத்தீங்க. லாரிக்காரனுக்குக் குடுத்தீங்க. தவிலுக்கும் குடுத்தீங்க. நாங்க அடிச்சா மட்டும் சாகணும்னு வெச்சது யாருங்க?"

"அது... பழைய பாட்டுல அப்படி வருதுங்க."

"பாட்டு எழுதுனவரு எப்பவோ போயிட்டாருங்க. நான் உங்களக் கேக்கறேன்."

அழகாக இருந்தது என்று வைத்தேன் என்பதுதான் உண்மை. எத்தனையோ சத்தங்களை உட்கார்ந்து யோசித்து விலக்கியிருந்தார்கள். இதை அடிப்பவர் ஒருவர் இருப்பார், அவர் ஒருநாள் எதிரே நின்று கேட்பார் என்று அந்தக் குளிர்சாதன அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லோருமே நல்லவர்கள். அதுதான் சங்கடம்.

"ஒரு வழி இருக்குங்க," என்றான் அவசரமாக. "போன் வழியாத்தான் அதுக்குக் கேக்குது. இந்தத் தெருவுல இருக்கிறவங்க எல்லாரும் போனை அணைச்சுட்டா அதுக்கு ஒண்ணுமே கேக்காது. நீங்க ஆசை தீர அடிக்கலாம். அதுவும் பொழைச்சுக்கும்."

"இவ்வளவுதானா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

பொற்செழியன் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று பேசினான். கிசுகிசுப்பாகப் பேசினான். முதல் வரிசை பின்வரிசைக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, பேச்சு தெரு முனைவரை போனது. பெரியவர் ஒருவர் இறந்திருக்கிறார். அவரை முறையாக அனுப்ப வேண்டும். பாடை பெரிய ரோட்டைத் தாண்டும்வரை எல்லோரும் போனை அணைத்து வைத்தால் போதும், அப்புறம் அவரவர் திறமை. கூட்டம் உருகிவிட்டது. வக்கீல்கள் தலையாட்டினார்கள். புது மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லோரும் போனின் ஓரத்தை அமுக்கி, திரை கறுத்துப்போனதைத் தூக்கிக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் இப்படி ஓர் ஒற்றுமையைத் தன் வாழ்நாளில் பார்ப்போம் என்று பொற்செழியன் நினைத்ததே இல்லை.

கோவை அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ரபீக்கைக் கூப்பிட்டான். "எத்தனை போன் அணைஞ்சிருக்கு ரபீக்?"

ரபீக் தொண்டையைச் செருமினான். "சார், ஒண்ணுகூட அணையல. திரையை மட்டும் அணைச்சிருக்காங்க. சில பேரு ரெண்டாவது போனையும் ஆன் பண்ணியிருக்காங்க."

"எல்லாருமேவா?"

"நான் அணைச்சு பக்கத்துல இருக்கறவன் அணைக்கலேன்னா, அவன் பிடிச்சுருவான்ல சார். ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு." கொஞ்சம் இழுத்தான். "அப்புறம் சார், தப்பா நினைக்காதீங்க. ஆன்ல இருக்கற போன்ல உங்களுதும் ஒண்ணு. கானகம் உள்ள ஓடிட்டிருக்கு."

பொற்செழியன் முக்காலியிலிருந்து இறங்கினான். நல்லவேளை, கீழே விழுந்த மானத்தைப் பொறுக்க யாரும் கூட வரவில்லை.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பொழுதோடு எடுத்துவிட வேண்டும். வைக்கோல் தீ மறுபடி அணைந்தது. இந்த முறை யாரும் மூட்டவில்லை. ஆறுச்சாமியும் நாகமணியும் பந்தல் காலோரம் நின்று பேசிக்கொண்டார்கள். பிறகு நாகமணி அவனிடம் வந்தாள்.

"அதுக்கு வலிக்குங்களா?"

"எதுக்குங்க?"

"அந்த ஆட்டுக்கு. சாகறப்போ."

வலிக்காது, அது வெறும் கணக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது கேட்கிறது, பழகுகிறது, ஒரு குரலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. இதையெல்லாம் அவனே செய்திருந்தான். சாகும்போது காது எப்படித் துவளும் என்பதற்கு மட்டும் மூன்று மாதிரிகள் வரைந்து, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் இருந்தான். வலிக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

"தெரியலீங்க," என்றான்.

"அப்ப வேண்டாமுங்க. இன்னைக்கு இந்த வீட்ல ஒரு சாவு போதும்."

ஆறுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடிக்காமயே எடுத்தர்றோம். ரங்கன் ஒண்ணும் சொல்ல மாட்டான். எத்தனையோ பேருக்கு அடிச்சவன், போறப்போ சத்தமில்லாமப் போறான்னு இருக்கட்டும்."

முடிந்தது. எதற்காக அனுப்பினார்களோ அது முடிந்துவிட்டது. ஜூலியட்டுக்குச் செய்தி தட்டினான். 'நீ தெய்வம்பா' என்று உடனே பதில் வந்தது. தெய்வத்துக்குக் கால் தரிக்கவில்லை. பந்தலிலிருந்து குழாயடிக்கும், குழாயடியிலிருந்து பந்தலுக்கும் நடந்தது. இவர்களின் பறையைச் சாவுச் சத்தம் ஆக்கியது அவன். அந்தச் சத்தத்தையும் விட்டுக்கொடுத்து அவன் விலங்கைக் காப்பாற்றுகிறவர்கள் இவர்கள். இந்தக் கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் விடை ஒரே மாதிரி அசிங்கமாக வந்தது. பெட்டியைத் திறந்து ரங்கனை வெளியே எடுத்தார்கள். யாரும் வாய்விட்டு அழவில்லை. கூட்டம் நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தது. நாகமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், சத்தம் வராமல் இருக்க.

அதைப் பார்த்த பிறகு பொற்செழியனுக்குப் பொறுக்கவில்லை. தீயோரம் கிடந்த பறை ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டினான். சாக வேண்டுமென்றால் சாகட்டும். கொன்ற கை இவர்களுடையதாக இருக்கக் கூடாது, செய்தவன் கையாக இருக்கட்டும். குச்சிகள் இரண்டு இருந்தன, ஒன்று குட்டை, ஒன்று நீளமான சிம்பு. எது எந்தக் கைக்கு என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தான்.

தெரு முழுக்க மூச்சை இழுத்தது.

நிறுத்தாமல் அடித்தான். ஒரு குச்சி தோலில் பட்டது, இன்னொன்று சட்டத்தில் பட்டது, மூன்றாவது அடி அவன் முழங்காலில் விழுந்தது. தகர டப்பாக்கள் மாடிப்படியில் உருளுவது போன்ற ஒன்று வெளியே வந்தது. கண்ணைத் திறந்து, கழுத்தில் தொங்கிய போனைப் பார்த்தான்.

அசுணம் சாகவில்லை. எழுந்து நின்றது. ஒரு காதைத் தூக்கி, இது என்ன என்று யோசித்தது. விலக்குக் கொடுத்த சத்தங்களில் இது இல்லை. பறையும் இல்லை. உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு சத்தம். சபாவில் பாடகருக்குச் சுருதி சேராதபோது துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற முன்வரிசைக்காரர் போல, அது காதுகளை மடித்துக்கொண்டு திரும்பி, சந்து வழியாக நடந்து போனது.

"போகுது, போகுது," என்று எவனோ கத்தினான். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. வக்கீல்கள் ஓடினார்கள். மாப்பிள்ளை மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினான். புழுதி அடங்கியபோது தெருவில் ஒற்றைச் செருப்புகளும், சொந்தக்காரர்களும், பறையை மாட்டிய பொற்செழியனும் மட்டும் இருந்தார்கள்.

ஆறுச்சாமி வந்து அவன் தோளிலிருந்து பறையைப் பக்குவமாகக் கழற்றினார். "நீங்க அடிச்ச அடிக்கு இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா ரங்கனே எந்திரிச்சு ஓடியிருப்பான்," என்றார். நாகமணி சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே அழுகை வந்தது. இந்த முறை அவள் அடக்கவில்லை.

தீயை மூட்டினார்கள். பறைகள் காய்ந்து விறைத்தன.

போன் அதிர்ந்தது. ரபீக். "சார், அங்க என்ன நடக்குது? அது திரும்பி வருது."

"கூட்டமா?"

"கூட்டம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தொலைச்சுட்டுத் தேடிக்கிட்டிருக்கு. அசுணம் மட்டும் வேற சந்து வழியா வருது. அந்தப் பொண்ணு அழற குரலுக்குப் போலிருக்கு. அந்தத் தெருவுல இப்ப கானகம் ஓடற ஒரே போன் உங்களுது சார். உங்களுக்குப் பிடிக்கணும்னா இப்பப் பிடிக்கலாம். இல்லேன்னா தயவுசெஞ்சு அவங்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

போனைத் தூக்கிப் பார்த்தான். தெரு முனையில் நின்றிருந்தது. அவன் வரைந்த காது, அவன் தேர்ந்தெடுத்த நிறம், அவன் சொல்லிக்கொடுக்காத ஒரு தயக்கம். நாடே செருப்பைக் கழற்றிக்கொண்டு தேடுகிற ஒன்று, அவனுக்காக மட்டும் வந்ததுபோல, வைக்கோல் புகைக்குள் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தது. மெல்ல ஏதாவது முனகினால் போதும், கைக்குள் வந்துவிடும்.

ஆறுச்சாமி குச்சியை ஓங்கியவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "என்னங்க, அடிக்கலாமுங்களா? இல்ல, இன்னும் பொறுக்கோணுமா?"

"நீங்க எதுக்குங்க பொறுக்கணும்?" என்றான் பொற்செழியன். "அடிங்க."

போனின் ஓரத்தை அமுக்கிப் பிடித்தான். திரையை மட்டும் அல்ல, முழுவதும் அணையும்வரை விரலை எடுக்கவில்லை. ரபீக்கின் குரல் பாதியில் அறுந்தது. முதல் அடி விழுந்தது. அவன் நெஞ்செலும்பு அதிர்ந்தது. சற்று முன்னால் தான் அடித்ததும் இதுவும் ஒரே பொருளிலிருந்து வருகிறது என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

ரங்கனைத் தூக்கினார்கள். பெரிய ரோட்டில் லாரிகள் நின்று வழி விட்டன. பொற்செழியன் வெறுங்காலோடு பின்வரிசையில் நடந்தான். அடி மாறும்போதெல்லாம் அவன் இடது பக்கம் ஓர் ஆடு நடக்கும் அளவுக்கு இடம் விட்டுத் தள்ளித் தள்ளி நடந்ததைப் பார்த்து, யார் வர்றாங்க என்று நாகமணியின் சித்தப்பா கேட்டார். தெரியலீங்க என்றான். தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவன் பையில் அணைந்து கிடந்தது.